வாசலில் கிடந்தவர் குறித்து ஒரு நேரடி விவாதம்

இங்கிலாந்தின் ஹாஸ்லிங்ஷா ஊரில் வியாழக்கிழமை என்றால் பழுப்புக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிற நாள். தப்பித்தவறி நீலத் தொட்டியை வைத்துவிட்டால் குப்பை வண்டிக்காரன் எடுக்க மாட்டான். எடுக்காததோடு விடாமல், தெருவே பார்க்கிற மாதிரி தொட்டியின் கழுத்தில் ஒரு சீட்டையும் கட்டிவிட்டுப் போவான். அந்த மானக்கேட்டுக்குப் பயந்துதான் கிளிஃபோர்டு ஆர்மராட் நவம்பர் தூறலில், வீட்டுச் செருப்போடு, நீலத்தை உள்ளே இழுத்துப் பழுப்பை வெளியே தள்ளப் போனார். வாசல் நடையில் ஈர இலை. கால் வழுக்கி, இடுப்பு தரையில் மோத, பொத்தென்று விழுந்தார். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

சத்தம் கேட்டு அவர் மனைவி பெரில் ஓடிவந்தாள்.

"என்னாச்சு கிளிஃப்?"

"ஒண்ணுமில்லை, லேசா வழுக்கிடுச்சு. நீ போய் அடுப்பைப் பாரு."

லேசா வழுக்கியவரின் இடது கால் வலது காலைவிடக் குட்டையாகி, வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. முகம் சுண்ணாம்பு நிறம். ஆனாலும் மனுஷன் புன்னகைத்தார். வேலைக்காலம் முழுக்க ஊர் பஸ் ஓட்டியவர் கிளிஃபோர்டு. தனக்கு வலிக்கிறது என்று இன்னொருவரிடம் சொல்வது ஒருவகை அநாகரிகம் என்று நினைக்கிற ஜாதி. முன்பு ஒருமுறை குடல்வால் வெடித்தபோதும், "வயிறு கொஞ்சம் மந்தமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸைக் கடைசி நிறுத்தம் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் மயங்கினார். அதற்காக டிப்போவில் அவருக்குக் கைதட்டினார்கள். அந்த ஊரில் அப்படித்தான்.

பெரில் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டர் கேட்கச் சொன்னதை அப்படியே கேட்கும் ஒரு பெண் எடுத்தாள். பெரில் காலைப் பற்றிச் சொன்னாள், முக நிறத்தைப் பற்றிச் சொன்னாள்.

"நீங்க சொல்றது சரிம்மா. ஆனா வலி எவ்வளவுன்னு பேஷன்ட் தன் வாயால சொல்லணும். அவர்கிட்ட கொடுங்க."

பெரில் குனிந்து போனை அவர் காதில் வைத்தாள்.

"ஐயா, வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்வீங்க?"

"பத்துக்கா? ரெண்டு போட்டுக்கம்மா. உங்களுக்கு வேற வேலை நிறைய இருக்கும்."

"ரெண்டுங்களா? நிச்சயமா?"

"கூடப்போனா ரெண்டரை. தொந்தரவு கொடுத்துட்டேன், மன்னிச்சுக்கோம்மா."

பெரில் போனைப் பிடுங்கினாள். "அவர் பொய் சொல்றாரும்மா! அவருக்கு ரெண்டுன்னா மத்தவங்களுக்கு இருபதும்மா!"

"கம்ப்யூட்டர்ல ரெண்டுன்னு ஏறிடுச்சும்மா. அரைக்கு அதுல இடமில்லை. வண்டி வரும். அதுவரைக்கும் அவரைத் தூக்காதீங்க, நகர்த்தாதீங்க, குடிக்க ஒண்ணும் கொடுக்காதீங்க. ஏதாவது மாறினா திரும்பக் கூப்பிடுங்க."

திரும்பக் கூப்பிட்டபோது போனில் பியானோ வாசித்தார்கள். அடுத்தடுத்துக் கூப்பிட்டபோதும் அதே பியானோதான்.

தெரு நல்ல தெரு, அதைக் குறை சொல்லக் கூடாது. கம்பளி வந்தது. அடுத்த வீட்டு மேவிஸ் ஹார்ட்லி, ராஜாவின் முடிசூட்டு விழாத் தெருவிருந்துக்கு வாங்கிய கூடாரத்தைக் கொண்டுவந்து, கயிறு இழுத்துக் கட்டி, கிளிஃபோர்டின் மேல் நிறுத்தினாள். அதில் அன்றைய தோரணக் கொடிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அப்புறம் டீ வந்தது. கிளிஃபோர்டு குடிக்கக் கூடாது என்பதால் அவரைச் சுற்றி நின்றவர்கள் குடித்தார்கள். உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடலாமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் தூக்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னதை மீறுகிற ஊரா அது?

"பெரில், இந்த ஆம்புலன்ஸ்காரங்களை நம்பிக்கிட்டிருந்தா விடிஞ்சிடும்" என்றாள் மேவிஸ். "ரேடியோக்குப் போன் போடு. இன்னிக்கு இதைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்காங்க."

மேவிஸ் சொன்னது 'நாடு பேசுகிறது' நிகழ்ச்சியை. டோபி ஃபென்விக் நடத்துகிறார். எதைச் சொன்னாலும் ரெண்டு பக்கத்தையும் பேசவைப்பதில் மனுஷன் கெட்டிக்காரர். எங்கேயாவது ஆற்றுப்பாலம் இடிந்தால், புதுப்பாலம் வேண்டும் என்று ஒருவரையும், நீந்திப் போனால் என்ன என்று ஒருவரையும் பிடித்து உட்காரவைப்பார். இருவருக்கும் ஒரே அளவு நேரம். இதற்குச் சமநிலை என்று பெயர். அன்றைய தலைப்பு: ஆம்புலன்ஸ் தாமதத்துக்கு யார் பொறுப்பு, அரசா, ஊழியர்களா, அல்லது விழுகிறவர்களா?

ரேடியோவில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். இமோஜன் என்று ஒரு பெண், நிகழ்ச்சித் தயாரிப்பாளர். குரலில் அப்படி ஒரு பரிவு.

"அடக் கடவுளே! இப்பவும் வாசல்லயே கிடக்கிறாரா? அருமை! அதாவது, பாவம்! பெரில், உங்களை உடனே நேரலைல சேர்க்கிறேன். ஒரே ஒரு விஷயம். உங்க வீட்டுக்காரர் விழுந்தவர். சமநிலைக்கு விழாதவர் ஒருத்தரையும் பேசவைக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க."

விழாதவர் கென்ட் மாவட்டத்திலிருந்து போனில் வந்தார். பெயர் ரானல்ட்.

"எனக்கு எண்பத்துநாலு வயசு, டோபி. இதுவரைக்கும் விழுந்ததில்லை. ஏன்? பார்த்து நடக்கிறேன். பொறுப்பா இருக்கிற நான் வரி கட்டி, பொறுப்பில்லாத ஆளுக்கு வண்டி அனுப்பணுமா? இதைக் கேட்டா நம்மளைக் கல் நெஞ்சுக்காரன்கிறாங்க."

"நல்ல கேள்வி" என்றார் டோபி. "பெரில் கண்ணு, உங்க வீட்டுக்காரர் என்ன செருப்புப் போட்டிருந்தார்?"

"வீட்டுச் செருப்புங்க."

"வீட்டுச் செருப்பு!" என்றார் ரானல்ட். அவ்வளவுதான், வழக்கு முடிந்த மாதிரி.

அடுத்து ஹ்யூகோ. முப்பது வயதுகூட இருக்காது. லண்டனில் 'தன்பொறுப்புச் சிந்தனை மையம்' என்ற ஒன்றில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சிந்திக்கிறார், அதற்குச் சம்பளம் உண்டு.

"நான் கிளிஃபோர்டுக்கு எதிரா பேசலை" என்றார் ஹ்யூகோ. "அவர் மேல எனக்கு ரொம்ப அக்கறை. ஆனா ஒண்ணை யோசிங்க. விழுந்த உடனே வண்டி வந்து நின்னா, அது விழறதுக்கு ஒரு ஊக்கத்தொகை மாதிரி. வராம இருந்தாத்தான் ஒரு மனுஷனுக்குள்ள இருக்கிற எழுந்திருக்கிற ஆற்றல் வெளியே வரும். எங்க ஆராய்ச்சியில, ரொம்ப நேரம் கிடந்தவங்கள்ல நிறையப் பேர் அப்புறம் ஆம்புலன்ஸே கேட்கலைன்னு தெரியுது."

"ஏன் கேட்கலை?" என்றாள் பெரில்.

"அந்தத் தகவல் எங்ககிட்ட இல்லை."

அதற்குப் பிறகு லைன் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆம்புலன்ஸில் வெளிநாட்டுக்காரர்கள் ஜாஸ்தியாகிவிட்டார்கள், அதுதான் காரணம் என்றார் ஒருவர். இருந்த வெளிநாட்டுக்காரர்களையும் துரத்திவிட்டோம், அதுதான் காரணம் என்றார் இன்னொருவர். ஐரோப்பாவை விட்டு வெளியே வந்ததால்தான் நாசமாய்ப் போனோம் என்றார் ஒரு அம்மா. முழுசாக வெளியே வராததால்தான் என்று அவர் புருஷனே பக்கத்திலிருந்து கத்தினார்.

"எங்க வீட்டுக்காரர் முழுசா வெளியேதாங்க இருக்கார்" என்றாள் பெரில். "மழையில."

அதை யாரும் கவனிக்கவில்லை. டோபிக்கு அதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. இவ்வளவு உயிரோட்டமான விஷயத்தை ஒலிபரப்புக் கூடத்தில் உட்கார்ந்து பேசலாமா? நேரடியாகவே போய்விடலாம். மான்செஸ்டரிலிருந்து ஒலிபரப்பு வண்டி கிளம்பியது. மேவிஸ் அடுத்த டீயைப் போட்டு முடிப்பதற்குள் தெருவில் வந்து நின்றது. டோபி, இமோஜன், ரெண்டு டெக்னீஷியன், ஒரு போட்டோகிராபர். வாசலுக்கு நேர் எதிரே வண்டியைக் குறுக்காக நிறுத்தி, கூரையில் கம்பத்தை உயர்த்தினார்கள்.

பின்னாலேயே தொகுதி எம்.பி. ஆலிஸ்டர் ப்ரூம் வந்தார். போட்டோ எடுக்கிற இடத்துக்கெல்லாம் போட்டுப் போகும் மஞ்சள் மேல்சட்டையும் தலையில் ஹெல்மெட்டும். கூடாரத்துக்குள் எதற்கு ஹெல்மெட் என்று கேட்டால், வேலை நடப்பது போல இருக்க வேண்டாமா?

"கிளிஃபோர்டு கிடக்கிற இந்தத் தரையில நின்னு சொல்றேன்" என்றார் எம்.பி. "வரலாறு காணாத தொகையை ஆம்புலன்சுக்கு ஒதுக்கியிருக்கோம். ஒதுக்கினதை யாரும் தொடாதபடி பத்திரமா ஒதுக்கியே வெச்சிருக்கோம். இந்தத் தொகுதிக்குப் புது ஆஸ்பத்திரி தர்றேன்னு சொன்னேன். கொடுத்தாச்சு. பழைய ஆஸ்பத்திரிக்குப் புது வாசல் வெச்சிருக்கோம். வாசல் வழியாப் பார்த்தா புது ஆஸ்பத்திரிதான். வண்டி வரலைங்கிறாங்க. எல்லாருக்கும் வந்துட்டா அது எப்படிங்க அவசர ஊர்தி? தினசரி ஊர்தின்னுல்ல சொல்லணும்?"

சமநிலைக்காக எதிர்க்கட்சியிலிருந்தும் ஒருவர் போனில் வந்தார். தங்கள் ஆட்சியில் வண்டி வரும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வராததற்காக மனசார வருந்துவோம் என்றார்.

பெரிலுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் நடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கிளிஃபோர்டின் கையைப் பிடித்திருந்தாள். கை ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் முன்பு வரை உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. இப்போது நடுக்கம் நின்றுவிட்டது. நடுக்கம் நின்றது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. 

"கிளிஃப், இங்க பாரு. இந்த ஆளு உன்கிட்ட மைக்கை நீட்டுவான். வலிக்குதுன்னு சொல்லிடு. கத்திடு. எனக்காக ஒரே ஒரு தடவை."

"சனங்க இருக்காங்க, பெரில்."

"சனங்க நாசமாப் போகட்டும்! ஆம்புலன்ஸ்காரங்க இதைக் கேட்டுக்கிட்டிருப்பாங்க. பத்துன்னு சொல்லு. உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"காலை மட்டும் பிடிச்சிடாதே" என்றார் கிளிஃபோர்டு. அந்த நிலைமையிலும் மனுஷனுக்குக் குசும்பு.

டோபி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். கீழே இமோஜன் ஒரு மெத்தை போட்டுவைத்திருந்தாள். நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கிளிஃபோர்டு, நண்பரே. மனசைத் திறந்து சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

பெரில் அவர் கையை நெரித்தாள். கிளிஃபோர்டு அவளைப் பார்த்தார். சுற்றிலும் தெரு ஜனம். டிப்போவில் கூட வேலை பார்த்த ஆட்கள்கூட ரெண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அதைப் பிரித்து, "குறை சொல்ல ஒண்ணுமில்லைங்க" என்றார்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். ரானல்ட் கென்டிலிருந்து தழுதழுத்தார். "இவர் மனுஷன்! நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்! வீட்டுச் செருப்புப் போட்டாலும் இவர் மனுஷன்!" ஹ்யூகோ, தன் ஆராய்ச்சி மெய்ப்பிக்கப்பட்டதாக அறிவித்தார். எம்.பி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே நேரத்தில் பெரிலின் போன் அடித்தது. ஆம்புலன்ஸ் பெண்தான், கடைசியில் அவளாகவே கூப்பிட்டிருந்தாள்.

"அம்மா, நாங்களும் ரேடியோ கேட்டுக்கிட்டிருக்கோம். நல்ல சேதி! அவர் தேறிட்டார்போல இருக்கே? ரெண்டை ஒண்ணா மாத்திட்டேன்."

பெரில் போனைக் கீழே எறிந்தாள்.  எட்டி அறைய ஆள் கிடைத்திருந்தால் அறைந்திருப்பாள். 

"சார், ஒரு அடி பின்னாடி வாங்க" என்றான் போட்டோகிராபர். "பெரியவரும் கொடியும் சேர்ந்து படத்துல விழணும்."

எம்.பி. ஒரு அடி பின்னால் வைத்தார். வைத்த இடம் கிளிஃபோர்டின் உடைந்த கால்.

கிளிஃபோர்டு ஒரு வார்த்தை சொன்னார். பஸ் டிப்போவுக்கு வெளியே புழங்காத வார்த்தை. எம்.பி.யின் தாயாரிடம் தொடங்கி, எம்.பி.யிடம் வந்து முடிந்தது. உள்ளே அடக்கிவைத்திருந்த வலி மொத்தமும் அதில் இருந்தது. தெருக்கோடி வரை கேட்டது. ரேடியோவில் நாடு முழுக்கக் கேட்டது.

 இமோஜன் பாய்ந்து ஒலிபரப்பை வெட்டினாள். துள்ளிக் குதித்த எம்.பி. கூடாரக் கயிற்றில் கால் மாட்டித் தடுமாறி விழுந்தார். கணுக்கால் லேசாகப் பிசகிவிட்டது.

"ஐயோ! செத்தேன்! கால் போச்சு!" என்று அலறினார். யாரோ அவர் காதில் போனை வைத்தார்கள். "பத்து! பத்துக்குப் பதினொண்ணு! நான் யார் தெரியுமா?"

பெரிலின் டீக் கோப்பை ஆறுவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஒலிபரப்பு வண்டி குறுக்கே நின்றதால் அதை நகர்த்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இறங்கி வந்த பெண் முன்தினத்திலிருந்தே தூங்காதவள் போல இருந்தாள். எம்.பி.யின் கணுக்காலை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பிக் கிளிஃபோர்டைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"யாருங்க இவரை இங்க போட்டுவெச்சது?"

"தூக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மேவிஸ்.

அந்தப் பெண் ஸ்ட்ரெச்சரை இறக்கினாள். ரெண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியின் புது வாசலில் ஏற்கனவே ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றிருந்தன, உள்ளே கட்டில் காலியாகிற வரைக்கும். எம்.பி. இறங்கி நொண்டியபடி உள்ளே நடந்துபோனார், அந்தப் போட்டோ நன்றாக வந்தது. கிளிஃபோர்டின் வண்டி வரிசையில் நின்றது. பெரில் அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியாக ஒருமுறை கண்ணைத் திறந்து, "நமக்கு முன்னாடி நிறையப் பேர் இருக்காங்க போல" என்றார். வரிசை நகர்வதற்கு முன்னால் போய்விட்டார். வாழ்நாள் முழுக்க யாரையும் முந்தாத மனுஷன், பாவி, இதில் மட்டும் முந்திக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் துறை ஒரு அறிக்கை விட்டது. இதிலிருந்து பாடம் கற்போம், சென்ற வருடம் கற்ற பாடங்களோடு இதையும் சேர்த்துப் பாதுகாப்போம் என்றது. விசாரணை உண்டு, எப்போது என்பதைத் தீர்மானிக்க ஒரு குழுவும் உண்டு.

ஆனால் அந்தக் கெட்ட வார்த்தை விஷயத்தில் நாடு சும்மா இருக்கவில்லை. பகல் நேரம், குழந்தைகள் கேட்கிற நேரம்! புகார்கள் மூட்டை மூட்டையாக வந்தன. ஒலிபரப்பு ஒழுக்க வாரியம் அவசரமாகக் கூடியது. மொழியியல் நிபுணர்களை அழைத்தது, ஒலிப்பதிவை மெதுவாக ஓட்டிக் கேட்டது, எம்.பி.யின் தாயாரை நேரில் போய்ப் பார்த்து ஆறுதல் சொன்னது. மூன்றே வாரத்தில் தீர்ப்பு. ஆர்மராட் குடும்பம் நேரலையில் மன்னிப்புக் கேட்க வேண்டும். டோபி விடுமுறைக்குத் தீவு ஒன்றுக்குப் போயிருந்ததால், அவர் திரும்பும் நாள் பார்த்துத் தேதி வைத்தார்கள். பிரேதப் பரிசோதனை, காகிதம் எல்லாம் முடிந்து கிளிஃபோர்டை அடக்கம் செய்கிற நாளும் அதுதான்.

"காலையிலயே முடிச்சிடலாம் பெரில்" என்றாள் இமோஜன். "நீங்க மன்னிப்பு கேட்டுட்டா, அவர் எப்படி இறந்தார்ங்கிறதையும் டோபி கேட்பார். நாடே கேட்கும்."

அதற்காகத்தான் பெரில் ஒப்புக்கொண்டாள். யாராவது ஒருத்தர் கேட்கணும், அவ்வளவுதான் அவளுக்கு. கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, சமையலறை நாற்காலியில் போனைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். எதிரே மேவிஸ் ரேடியோவை வைத்துக்கொண்டு.

"கிளிஃப் சொன்ன வார்த்தைக்காக எல்லாரும் மன்னிச்சிடுங்க" என்றாள். "அவர் அப்படிப் பேசற ஆளே இல்லை. அவருக்கு வலி தாங்கலை. அன்னிக்கு அந்த வரிசையில..."

"என்ன ஒரு கண்ணியம்!" என்றார் டோபி. "நன்றி கண்ணு. நேயர்களே, இந்த மன்னிப்பு போதுமா, போதாதா? லைன்கள் திறந்திருக்கு. ரானல்ட், கென்ட்லேர்ந்து."

"போதாது டோபி. வார்த்தையைச் சொன்னவர் தன் வாயால மன்னிப்பு கேட்கணும். பொண்டாட்டி கேட்டா செல்லாது."

"எம்.பி. ப்ரூம் நம்மோட இருக்கார். கால் எப்படிங்க?"

"நாட்டுக்காகப் பொறுத்துக்கிறேன்" என்றார் எம்.பி.

வாசல் மணி அடித்தது. கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி, சவ அடக்கம் நடத்தும் கம்பெனிப் பெரியவர். பின்னால் தெருவில் நீளமான கறுப்பு வண்டி, துடைத்துப் பளபளவென்று, வாசலுக்கு நேராக.

"சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டோம், திருமதி ஆர்மராட்" என்று தலைகுனிந்தார். "மன்னிக்கணும்."

பெரிலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் போனில், "நான் கிளம்பணும்ங்க. கிளிஃபுக்கு வண்டி வந்திடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மேவிஸின் ரேடியோவில் டோபியின் குரல் துள்ளியது. "நேயர்களே, இப்பத்தான் வந்த நல்ல சேதி! கிளிஃபோர்டுக்கு வண்டி வந்துடுச்சாம்!" ஒலிபரப்புக் கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். பெரில் வாசல்படி இறங்கும்போது எம்.பி. பேசுவது கேட்டது.

"பார்த்தீங்களா? நான் அன்னிக்கே சொன்னேன். கொஞ்சம் பொறுமையா இருந்தா, இந்த நாட்டுல எல்லாருக்கும் வண்டி வரும்."